கருநீல இதழ் எந்தப் பக்கம்

முட்டை போட்டிருந்தார். பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு முழு முட்டை. சிவப்பு மையில் இரண்டு சுற்று சுற்றி, அடியில் ஒரு கோடும் இழுத்திருந்தார், யாருக்கும் சந்தேகமே வரக்கூடாது என்பதுபோல.

"என்ன சார் இது?"

"ஜீரோ மேடம்," என்றார் அழகுராஜா. எனக்கு எண் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ.

அவர் ராஜபாளையம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர். நான் ஆனிமேரி, இந்தக் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை, உள்தேர்வாளர். இறுதியாண்டுப் பிள்ளைகள் இருபது பேருக்குக் காலையில் செய்முறைத் தேர்வு முடிந்து, நாங்கள் இருவரும் ஆய்வகத்தில் உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தோம். ஏப்ரல் மாதம். மின்விசிறி அனலைத்தான் சுற்றியடித்துக்கொண்டிருந்தது. முட்டை வாங்கிய தாள் முத்துச்செல்வியுடையது. செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். படிப்பில் முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை. ஆனால் ஒரு இலையைக் கையில் கொடுத்தால் கீழே வைக்கவே மாட்டாள்.

முதல் கேள்வி எல்லா வருஷமும் வருவதுதான். ஒரு செடியின் கிளையைக் கொடுப்போம். அதைப் பார்த்து வருணனை எழுத வேண்டும், மலர் வரைபடம் போட வேண்டும், எந்தக் குடும்பம் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். இந்தத் தடவை நான் கொடுத்தது பட்டாம்பூச்சிச் செடி. எங்கள் சைக்கிள் ஷெட்டை ஒட்டி ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கிற புதர் அது. ஆப்பிரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த இனம். இலைகள் எதிரெதிராக இருக்கும், கசக்கினால் நாறும். பூவுக்கு ஐந்து இதழ். நான்கு வெளிர் நீலம், ஒன்று மட்டும் கருநீலம். நான்கு மகரந்தத் தாள்கள் மீசை போல வளைந்து வெளியே நீண்டிருக்கும். சட்டென்று பார்த்தால் ஒரு பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்திருக்கிறது என்றுதான் யாரும் சொல்வார்கள்.

"குடும்பம் லேமியேசின்னு எழுதியிருக்கா," என்றார் அழகுராஜா. "சிலபஸ்ல வெர்பினேசி."

எனக்குக் காது சூடானது. "சார், இந்தச் செடிய வெர்பினேசியிலிருந்து தூக்கி லேமியேசியில வச்சு எம்புட்டு வருஷமாச்சு? பேரையே கிளீரோடெண்ட்ரத்திலிருந்து ரோதேகான்னு மாத்திட்டாங்க. நம்மதான் நூத்தம்பது வருஷத்துக்கு முந்தின பெந்தாம் ஹூக்கர் வகைப்பாட்டு முறைய இன்னும் கட்டிக்கிட்டு அழுறோம். கேள்வியில எந்த முறைப்படின்னு கேக்கவே இல்லையே. அந்தப் பிள்ளை புதுசைப் படிச்சு எழுதினது ஒரு குத்தமா?"

"கத்தாதீங்க மேடம். அத விடுங்க. படத்தப் பாருங்க."

பார்த்தேன். மலர் வரைபடத்தில் மேலே ஒரு புள்ளி வைப்போம். தண்டு அந்தப் பக்கம் இருக்கிறது என்று பொருள். அதை வைத்துத்தான் எந்த இதழ் மேலே, எந்த இதழ் கீழே என்று தெரியும். விடைக்குறிப்பில் கருநீல இதழ் மேலே, புள்ளியை ஒட்டி இருந்தது. முத்துச்செல்வியின் தாளில் அது கீழே கிடந்தது. வருணனையிலும் 'கீழ் இதழ் கருநீலம், பெரியது, குழிந்தது' என்று தெளிவாக எழுதியிருந்தாள். மொத்தமும் தலைகீழ்.

விடைக்குறிப்பு என்னுடையது. நான் இதே கல்லூரியில் மாணவியாக இருந்தபோது வரைந்த ரெக்கார்டு நோட்டின் பக்கம் அது. அந்த வருஷத்தின் சிறந்த ரெக்கார்டு என்று பரிசு வாங்கியது. அப்புறம் நான் இங்கேயே வேலைக்கு வந்து, அதையே மாதிரியாக வைத்து, ஜெராக்ஸ் எடுத்து, வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறேன். பதினான்கு வருஷம். அந்தப் படத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

என் கோபம் அப்படியே கட்சி மாறியது. இவ்வளவு நேரம் இவளுக்காக இந்த மனிதரோடு மல்லுக்கு நின்றேனே, இவளோ நான் கொடுத்த படத்தைக்கூட ஒழுங்காக மனப்பாடம் செய்யாமல் வந்திருக்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது.

மற்ற கேள்விகளில் அவளுக்குக் கிடைத்தது இருபத்திரண்டு. முதல் கேள்வியிலேயே ஒரு மணி நேரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லை. அறுபதுக்கு இருபத்து நான்கு எடுத்தால்தான் தேர்ச்சி.

"ரெண்டு மார்க் சார். கப்பலூர்ல ஒரு லேப்ல வேலை கிடைச்சிருக்கு அவளுக்கு. வாழைக் கன்னு திசு வளர்ப்பு. ஜூன் ஒண்ணாந்தேதி சேரணும், ஒரு பேப்பர்கூட அரியர் இருக்கக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. அடுத்த தேர்வு அடுத்த ஏப்ரல்லதான்."

"பூவ வச்சுக்கிட்டே தலைகீழாப் போடுற பிள்ளை, அங்க போயி வாழைக் கன்னையும் தலைகீழா நட்டு வச்சிரும்," என்றார். சிரித்தார் வேறு.

வருணனையில் மற்றதைப் படித்துப் பார்க்கச் சொல்லாமலே நானும் கையெழுத்துப் போட்டேன். மதிப்பெண் பட்டியலையும் தாள்களையும் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் இருவரும் மறுபடி கையெழுத்திட்டோம். ஐந்து மணிக்குள் உறை தேர்வு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் பஸ் பிடிக்க மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏறினார். நான் உறையோடு வெளியே வந்தேன்.

முத்துச்செல்வி சைக்கிள் ஷெட் பக்கம் நின்றிருந்தாள். மற்றவர்கள் எல்லாம் தேர்வு முடிந்த குஷியில் எப்போதோ பறந்துவிட்டார்கள். மதிப்பெண்ணை மாணவியிடம் சொல்லக்கூடாது என்பது விதி. கோபத்தில் விதி யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

"அறிவு இருக்கா உனக்கு? ரெண்டு மார்க்குல போச்சு. கையில ஜெராக்ஸ் கொடுத்து, போர்டுல போட்டுக் காமிச்சு, எம்புட்டுத் தடவ சொல்லியிருப்பேன், கருநீலம் மேல வரணும்னு? பத்தொம்பது பேரு சரியாப் போட்டிருக்காங்க. உனக்கு மட்டும் என்ன கேடு?"

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்துத்தான் போனது. ஆனால் அழவில்லை.

"ஃபெயிலா மிஸ்?"

"பின்ன?"

"படத்துக்கா?"

"படத்துக்கும்தான், வருணனைக்கும்தான். மொதக் கேள்விக்கே முட்டை."

அவள் திரும்பிப் புதரின் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு கிளையை ஒடிக்காமல், வளைக்காமல், அடியில் இரண்டு விரலை மட்டும் கொடுத்து எனக்குக் காட்டினாள்.

"பாருங்க மிஸ்."

பார்த்தேன். கருநீல இதழ் கீழே இருந்தது. பக்கத்துப் பூவிலும் கீழே. அதற்குப் பக்கத்திலும். நான் குனிந்து, எட்டி, சுற்றிவந்து பார்த்தேன். அந்தப் புதரில் அன்றைக்கு நூறு பூவாவது இருந்திருக்கும். நூறிலும் கருநீலம் தண்டுக்கு எதிர்ப்பக்கம், கீழேதான் இருந்தது.

என்ன நடந்திருக்கும் என்று உடனே விளங்கியது. நான் மாணவியாக அந்தப் படத்தை வரைந்தபோது புதரிடம் போகவில்லை. ஆய்வக உதவியாளர் ஆசீர்வாதம் அண்ணன் பறித்துக்கொண்டு வந்து கண்ணாடித் தட்டில் போட்ட உதிரிப் பூவை வைத்து வரைந்தேன். உதிரிப் பூவுக்கு மேல் எது, கீழ் எது? பட்டாம்பூச்சி என்றால் தலை மேலேதானே இருக்க வேண்டும் என்று நானாகக் கருநீலத்தைத் தலையாக்கி, பூவை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறேன். செடியின் பெயரைப் பார்த்துச் செடியை வரைந்த மகராசி நான். அதற்குப் பரிசு வேறு.

அதற்குப் பிறகு பதினான்கு வருஷம், தினமும் இரண்டு வேளை, இந்தப் புதரை ஒட்டித்தான் என் ஸ்கூட்டியை நிறுத்துகிறேன்.

"நீ ஏன்டி இத முன்னாடியே சொல்லல?" என்றேன். அப்போதும் அவளைத்தான் கேட்டேன் பாருங்கள்.

அவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபத்தை அந்தப் பெண்ணிடம் மூன்று வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

"சொன்னேன் மிஸ். ஜூலையில ரெக்கார்டுல கீழதான் வரைஞ்சிருந்தேன். நீங்க சிவப்பு மையில குறுக்க அடிச்சு, திரும்ப வரையின்னு எழுதுனீங்க. செடியில இப்பிடித்தான் இருக்கு மிஸ்னு வந்து நின்னேன். சொன்னதச் செய்யின்னு விரட்டி விட்டீங்க. அன்னைக்கு மாத்தி வரைஞ்சேன். அன்னைக்குப் பூராவும் எனக்குச் சோறு எறங்கல. இன்னைக்கு ஆசீர்வாதம் அண்ணே கிளையோட கையில குடுத்தாரு. பூவ கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டு நான் எப்பிடி மிஸ் பொய்யா வரையிறது? பாத்து எழுதுன்னுதானே கேள்வியில போட்டிருக்கு?"

எனக்கு அந்த ஜூலை நாள் ஞாபகமே இல்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. அறுபது நோட்டு திருத்துகிற வேகத்தில், ஒரு பிள்ளை கண்ணால் பார்த்ததை அடித்துவிட்டிருக்கிறேன், அடித்தது நினைவிலும் தங்கவில்லை. மற்ற பத்தொன்பது பேரின் மேலும் எரிச்சல் வந்தது. கையில் கிளையை வைத்துக்கொண்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் தப்பை அச்சு மாறாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் அவர்களை எந்த வாயால் திட்டுவது? அப்படி எழுதப் பழக்கியதே நான்தான்.

அழகுராஜாவுக்குப் போன் அடித்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. ஒட்டின உறையை இரண்டு தேர்வாளரும் சேர்ந்துதான் பிரிக்க முடியும். ஐந்து மணிக்கு அது அலுவலகத்துக்குள் போய்விட்டால் அப்புறம் செய்முறைத் தேர்வுக்கு மறுமதிப்பீடு கிடையாது. மணி மூன்றே முக்கால்.

"ஏறு வண்டியில," என்றேன்.

ஆசீர்வாதம் அண்ணனிடம் ஒரு புது உறையும் திருத்தப் படிவமும் வாங்கிப் பையில் திணித்தேன். முத்துச்செல்வி ஒரு கிளையை ஒடித்துக் கையில் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்தாள். தெப்பக்குளத்தைச் சுற்றி, ஆற்றுப் பாலம் ஏறி, அண்ணா நகர் நெரிசலில் புகுந்து போனோம். வழி முழுக்க என் வாய் சும்மா இல்லை. சிக்னலைத் திட்டினேன், குறுக்கே வந்த ஷேர் ஆட்டோவைத் திட்டினேன். பின்னால் இருந்தவள் காற்றில் பூ உதிராமல் கிளையைக் கையால் மறைத்துப் பிடித்திருந்தாள்.

மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அழகுராஜா ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். உறையை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்தாராம்.

"போன் சைலண்டுல கெடந்துச்சு மேடம். என்னாச்சு?"

கிளையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "எது மேல, எது கீழ, சொல்லுங்க சார்."

அவர் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டத்தில் கொண்டுபோய் மறுபடி பார்த்தார். கையிலிருந்த வெள்ளரிப் பிஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அட," என்றார். "அப்ப உங்க விடைக்குறிப்பு?"

"தப்பு. நான் வரைஞ்சது. என் தப்பு."

கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் இருபத்தைந்து வருஷம் தேர்வாளராகச் சுற்றியவர். எந்தக் காகிதத்தில் எது எழுதினால் எங்கே இடிக்கும் என்று அவருக்கு அத்துப்படி.

"மேடம், நிதானமாக் கேளுங்க. விடைக்குறிப்பு தப்புன்னு எழுதுனீங்கன்னா, மத்த பத்தொம்பது பேருக்கும் தப்பான படத்துக்கு முழு மார்க் போட்டிருக்கோம்னு ஆகும். அவங்களுக்குக் குறைப்பீங்களா? அப்புறம் போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம்? விளக்கம் கேட்டு மெமோ உங்களுக்குத்தான் வரும். பதவி உயர்வுக்கு எழுதிப் போட்டிருக்கேன்னு காலையிலதான் சொன்னீங்க. இப்ப இந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்? ரெண்டு மார்க். இருபத்திரண்ட இருபத்து நாலாக்கிருவோம். காரணம்ங்கிற எடத்துல 'கூட்டலில் பிழை'ன்னு எழுதுங்க. எல்லாத் திருத்தத்துக்கும் எல்லாரும் அதத்தான் எழுதுறாங்க. ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. பிள்ளை வேலைக்குப் போகட்டும், நீங்களும் நிம்மதியா இருங்க."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் உண்மை அதுதான். முத்துச்செல்விக்குத் தேர்ச்சி, எனக்கு மெமோ இல்லை. பேனாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

"வேணாம் சார்," என்றாள் முத்துச்செல்வி.

அழகுராஜா அவளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"கூட்டல்ல பிழைன்னா, நீங்க கூட்டுனதுதான் தப்புன்னு ஆகும். நான் எழுதுனது தப்பாவே இருக்கும். அந்த முட்டை அப்பிடியே இருக்கும். நான் ரெண்டு மார்க் பிச்சை கேட்டு வரல சார். நான் எழுதுனதப் படிச்சுப் பாத்து, அதுக்கு எம்புட்டோ அதப் போடுங்க. ஒண்ணுமே இல்லைன்னா ஒண்ணுமே போடாதீங்க."

"ஏம்மா, வேலை போயிரும்மா," என்றார் அவர். "பஸ்ஸ எடுக்கப் போறான். இதுல அடம் பிடிச்சு என்ன ஆகப் போகுது?"

"தெரியும் சார்."

அந்த வேலையை நம்பி அவள் வீட்டில் என்னென்ன கனவு கண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்களை விட அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னிடம் ஜூலையிலேயே சொல்லிப் பார்த்துவிட்டாளே.

நடத்துநர் விசில் அடித்தார். அழகுராஜா பஸ்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மேலே ஏறி இருக்கையிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது.

டீக்கடை ஓரத்தில் கிடந்த ஸ்டூலில் வைத்து உறையைப் பிரித்தோம். படிவத்தை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டேன். 'திருத்தத்துக்கான காரணம்' என்ற இடத்தில் எழுதினேன்: விடைக்குறிப்பிலுள்ள மலர் வரைபடம் தவறு. அதை வரைந்ததும், பதினான்கு ஆண்டுகளாகக் கற்பித்ததும் நான். மற்ற மாணவர்கள் நான் கற்பித்தபடி எழுதியிருப்பதால் அவர்களுடைய மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். செடியைப் பார்த்துச் சரியாக எழுதியவருக்கு மதிப்பெண் மறுக்கப்பட்டிருக்கிறது. அடியில் முழுப்பெயரையும் பதவியையும் எழுதினேன். சும்மா கிறுக்குகிற என் வழக்கமான கையெழுத்து அன்றைக்குப் போதவில்லை.

அழகுராஜா தாளை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தார். ஒரு கையில் தாள், ஒரு கையில் கிளை. இலையமைவு என்று படித்தார், இலையைப் பார்த்தார். புல்லி என்று படித்தார், பூவைத் திருப்பிப் பார்த்தார். மகரந்தத் தாள்களின் நீளத்தைப் பற்றி அவள் எழுதியிருந்த இடத்தில் நின்று, 'ம்' என்றார். டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளர்களைக் கழுவியபடி எங்களை விநோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பம் என்ற இடத்துக்கு வந்ததும் என் பக்கம் திரும்பி, "கேள்வியில முறையைச் சொல்லலதான்," என்று ஒப்புக்கொண்டார். பத்து நிமிஷம் ஆயிருக்கும். முட்டையை அடித்துவிட்டு, பக்கத்தில் பதின்மூன்று என்று போட்டார்.

நான் கூட்டினேன். முப்பத்தைந்து. இந்தத் தடவை இரண்டு முறை கூட்டினேன். மணி நாலரை; புது உறையில் போட்டு ஒட்டி ஐந்துக்குள் அலுவலகத்தில் சேர்த்துவிடலாம்.

"ரெண்டு எதுக்கு சார் குறைஞ்சது?" என்றாள் முத்துச்செல்வி.

தேர்ச்சி கிடைத்துவிட்டது, வேலை கிடைத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா இந்தப் பெண்? ஆனால் அழகுராஜா கோபப்படவில்லை. கிளையின் நுனியில் பூ உதிர்ந்த இடத்தில் பச்சையாகத் திரண்டிருந்த ஒரு பிஞ்சைக் கிள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"சூலகத்துல ரெண்டு அறைன்னு எழுதியிருக்க. இதப் பாரு. எத்தனையாப் பிரிஞ்சிருக்கு?"

அவள் பிஞ்சை விரலால் உருட்டிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணினாள்.

"நாலு."

"அப்ப?"

"பிளேடு வச்சு வெட்டுனேன் சார், நசுங்கிப் போச்சு. நேரமாச்சுன்னு அத மட்டும் பாக்காம எழுதிட்டேன்." பிஞ்சை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "அந்த ரெண்டு சரிதான் சார்," என்றாள். புதரடியில் கோபம் வந்த பிறகு அவள் முகம் தெளிந்து பேசிய முதல் பேச்சு அதுதான்.